போக்கிடமற்ற பறவைகள்

பூநகரியின் வடமேற்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலத்துக்குக் கௌதாரிமுனை என்று பெயர். ஒருபுறம் யாழ்ப்பாணக் கடனீரேரி. மறுபுறம் பாக்கு நீரிணை. இடையே மணற்குன்றுகளும் பனைகளும் முட்பற்றைகளும். முனையின் கோடியில், மண்ணித்தலை என்னுமிடத்தில், சோழர் காலத்ததெனக் கருதப்படும் சிவாலயம் ஒன்று சிதைந்து நிற்கின்றது. அரசன் பெயரையோ தெய்வத்தின் பெயரையோ வைக்காமல், பற்றைக்குள் ஓடித்திரியும் ஒரு சிறு பறவையின் பெயரை இந்நிலத்துக்கு இட்டு வழங்கினர் முன்னோர்.

கௌதாரியை அறியாதார் வடபுலத்தில் அரியர். இளங்கோழி அளவினது, சாம்பலும் கபிலமும் கலந்த உடலில் நெருங்கிய வரிகள், கழுத்தருகே மெல்லிய கரிய கோடு. ஆளைக் கண்டால் பறப்பதைவிட ஓடுவதையே விரும்பும். விடியற்காலையில் அது எழுப்பும் உரத்த குரல் வெளியெங்கும் கேட்கும். 1789ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற் பெயரிட்ட ஜெர்மானிய அறிஞர் கிமெலின், புதுச்சேரிக்குரியது என்னும் பொருள்படவே அதனை அமைத்தார். தமிழகத்தின் வறண்ட வெளிகளில் இது பரந்து வாழ்கின்றது. வடமேற்கே ஈரான் வரையும் செல்கின்றது. ஆனால் இலங்கையில் அதன் நிலை வேறு. புத்தளம் தொடக்கம் மன்னார், பூநகரி, யாழ்ப்பாணம் வரையிலுள்ள வடமேற்குக் கரையோர வறட்சிப் பகுதியோடு அதன் ஆட்சி நின்றுவிடுகின்றது. கண்டியிலோ காலியிலோ கௌதாரி இல்லை. மாட்டின் முதுகேறி வரும் கரிச்சான் குருவியும் ஏறக்குறைய இவ்வாறே வடக்கையும் வடமேற்கையும் தன் வீடாகக் கொண்டது.

இவை பாரதப் பெருநிலத்தின் பறவைகள். கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தன. பின்னர் நீர் உயர்ந்து பாக்கு நீரிணை இடையே புகுந்தது. ஆயினும் இராமநாதபுரத்தின் வெயிலும் முட்பற்றையும் பூநகரியிலும் உண்டு. ஆதலின் அந்நிலத்துப் பறவைகள் இக்கரையிலும் தம் வாழ்வைத் தொடர்ந்தன.

இனி, கௌதாரிமுனையை விட்டுத் தெற்கே மன்னார் வீதி வழியாகப் பல்லவராயன்கட்டு, முழங்காவில் என்று செல்வோர் நிலம் மாறுவதைக் காண்பர். பனை குறையும், பாலையும் வீரையும் முதிரையும் தலைகாட்டும். மண்டைக்கல்லாறு போன்ற சிற்றாறுகளின் ஓரங்களில் மருது நிழல் விரிக்கும். இதுவே வன்னிப் பெருங்காட்டின் வடக்கு விளிம்பு. இங்கே விடியலில் கேட்பது வேறு குரல். தெற்கிலிருந்து காட்டோடு காடாகப் பரந்து வந்து, காடு முடியும் இடத்தில் தானும் நின்றுவிட்ட பறவையின் குரல் அது. காட்டுக்கோழியே அப்பறவை.

காட்டுக்கோழி என்றதும் வீட்டுக்கோழியின் காட்டு உறவினன் என்று எளிதாகக் கடந்துவிடுதல் தகாது. இலங்கைக் காட்டுக்கோழி உலகில் வேறெங்கும் இயற்கையில் இல்லாத தனியினம். தமிழ்நாட்டு மலைகளில் வாழும் சாம்பற் காட்டுக்கோழி இதன் ஒன்றுவிட்ட சகோதரன் மட்டுமே. சேவலின் உடல் செம்பொன் நிறம். சிறகும் வாலும் கருநீலம். சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டு. இம்மஞ்சள் திட்டே இதனை ஏனைய காட்டுக்கோழிகளினின்றும் பிரித்துக் காட்டும் அடையாளம். 1831ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லெசன் தம் நாட்டு வீரர் லஃபாயத்தின் பெயரை இதற்குச் சூட்டினார். இலங்கையின் தேசியப் பறவை இதுவே. முல்லைத் திணைக்குரிய புள்ளாகக் கானங்கோழியை வகுத்த பழந்தமிழ்ப் புலவர் காடும் கோழியும் பிரியாதவை என்பதை நன்குணர்ந்திருந்தனர்.

இவ்விடத்திலேதான் பூநகரி ஓர் அரிய பாடத்தைக் கற்பிக்கின்றது. நாளை கௌதாரிமுனையில் கௌதாரி அற்றுப்போகுமாயின் அது பெருந்துயரே. எனினும் நீரிணைக்கு அப்பால் அதன் சுற்றம் வாழும். காட்டுக்கோழிக்கோ அப்பால் என்று ஒன்றில்லை. இலங்கைக் காடே அதன் உலகம். அக்காடு அழியுமாயின் உலகத்திலிருந்தே அது அழிந்ததாகும். தீவுக்கே உரிய பறவை ஒவ்வொன்றின் தலைவிதியும் இதுவே. அதற்குப் போக்கிடம் இல்லை.

இவ்விதி எத்துணைக் கொடியது என்பதை இந்துமா கடலிலுள்ள மற்றொரு தீவு காட்டிற்று. கரும்புத் தோட்டங்களில் உழைக்கத் தமிழர் பலர் சென்று குடியேறிய மொரீசியசுத் தீவே அது. அங்கே பறக்கவியலாத, வான்கோழியினும் பெரிய ‘டோடோ’ என்னும் பறவை வாழ்ந்தது. 1598இல் ஒல்லாந்தர் அத்தீவில் இறங்கினர். அவர்களோடும் அவர்களுக்கு முன்வந்த கப்பல்களோடும் எலியும் பன்றியும் குரங்கும் இறங்கின. தரையில் முட்டையிடும் பறவைக்கு அவை கூற்றாயின. 1662ஆம் ஆண்டுக்குப் பின் அப்பறவையை உயிரோடு கண்டதற்கு ஐயமற்ற சான்று இல்லை. எழுபது ஆண்டுகூட நிறைவுறவில்லை, ஓரினம் முடிந்துவிட்டது.

பசிபிக் சமுத்திரத்திலுள்ள குவாம் தீவின் கதை இன்னும் அண்மையது. இரண்டாம் உலகப் போரை அடுத்து, இராணுவச் சரக்குகளோடு மரமேறும் கபிலப் பாம்பு ஒன்று அங்கே புகுந்தது. பாம்பையே அறியாது வளர்ந்த பறவைகள் கூட்டிலேயே இரையாயின. ஒரு தலைமுறைக்குள், காட்டுக்குரிய பன்னிரண்டு பறவையினங்களில் பத்து இனங்கள் அத்தீவுக் காட்டிலிருந்து மறைந்தன. பறவை போனபின் நடந்ததுதான் எண்ணத்தக்கது. பூச்சியுண்ணும் பறவையின்றிச் சிலந்திகள் பெருகின. பழம் தின்று விதை தூவும் பறவையின்றி மரக்கன்றுகள் முளைப்பது குறைந்தது. பறவையை இழந்த காடு, மெல்ல மெல்லத் தன் எதிர்காலத்தையும் இழக்கலாயிற்று.

ஹவாய்த் தீவுகளிலோ எதிரி இன்னும் சிறியது. 1826இல் ஒரு கப்பலின் தண்ணீரோடு வந்து இறங்கிய நுளம்பு, பின்னர் பறவைகளுக்கு மலேரியாவைப் பரப்பியது. அத்தீவுகளின் எட்டுப் பறவையினங்கள் அற்றுப்போயின என்று 2023ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு முடிவாக அறிவித்தது.

இலங்கையின் பறவைகள் இவ்வளவு பேதைகள் அல்ல. கடல் நடுவே தனித்தெழுந்த தீவன்று இலங்கை. பெருநிலத்தினின்று பிரிந்த தீவு. பாம்பும் புனுகுப்பூனையும் கீரியும் சிறுத்தையும் இங்கே ஆதிதொட்டு உண்டு. அவற்றுக்குத் தப்பி வாழும் வகையை இந்நாட்டுப் பறவைகள் பழகியுள்ளன. ஆனால் அவை பழகாதது ஒன்றுண்டு. காடின்றி வாழும் வித்தையே அது.

இலங்கைக்கே உரிய பறவையினங்கள் முப்பதுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை தென்மேற்கின் ஈரவலயக் காடுகளையும் மலைநாட்டையும் சார்ந்தவை. கோப்பியும் தேயிலையும் இறப்பரும் படர்ந்தபோது அக்காடுகள் துண்டு துண்டாயின. நீலத் தோகையுடைய இலங்கை நீலவால் காக்கை, பச்சைச் சொண்டுச் செம்பகம், செம்முகப் பூங்குயில், சீழ்க்கையொலி எழுப்பும் மலைப் பூங்குருவி முதலியன இன்று அழிவின் வாயிலில் நிற்பனவாகக் கணிக்கப்படுகின்றன. செம்முகப் பூங்குயில் ஒரு காலத்தில் உலர்வலயத்து ஆற்றோரக் காடுகள் பலவற்றிலும் காணப்பட்டது. இன்று அதனைத் தேடுவோர் பெரும்பாலும் சிங்கராஜாவுக்கே செல்லவேண்டியுள்ளது.

அச்சிங்கராஜாக் காடே பிழைத்த வரலாறு கேட்கத்தக்கது. 1970களின் தொடக்கத்தில், ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக அங்கே பெருமரங்களை இயந்திரங்கொண்டு வெட்டத் தொடங்கினர். அறிஞரும் பொதுமக்களும் எதிர்த்துக் குரலெழுப்பினர். அத்தசாப்தம் முடிவதற்குள் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1988இல் அக்காடு உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் 1995இல், தீபால் வரகாகொட என்னும் பறவையியலார் ஈரவலயக் காட்டில் இரவில் ஓர் இனந்தெரியாத குரலைக் கேட்டார். குரலைத் தொடர்ந்து ஆண்டுகள் சென்றன. 2001இல் பறவையே அகப்பட்டது. செந்நிறமான சிறிய ஆந்தை. 2004ஆம் ஆண்டில் அது உலகுக்குப் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. மரம் வெட்டுதல் தொடர்ந்திருக்குமேல், பெயர் பெறுமுன்னரே அவ்வாந்தை அழிந்திருக்கவும் கூடும். காட்டில் என்னென்ன உள என்பதை முற்றும் அறியுமுன் காட்டை அழிப்பவன், வாசிக்காத ஏட்டைத் தீயிலிடுபவனுக்கு ஒப்பாவான்.

ஈரவலயத்துக்கு இத்தகைய வாதாடுவோர் கிடைத்தனர். உலர்வலயத்துக் காடு பார்வைக்கு எளியது. கோடையில் இலை வாடிப் பற்றையாய்க் கிடக்கும். அதனாலேயே அதனை வெறுங்காடு என்று கழித்துவிடுவோர் பலர். ஆயினும் இலங்கைக்கே உரிய காட்டுக்கோழியும், சாம்பல் இருவாய்ச்சியும், பச்சைப்புறாவும், செந்நெற்றிக் குக்குறுவானும், தவிட்டுத்தலைச் சிலம்பனும் வாழ்வது இவ்வெறுங்காட்டிலேதான். இவை இன்று அழிவின் விளிம்பில் நிற்பன அல்ல. செம்முகப் பூங்குயிலும் ஒருகாலத்தில் அவ்வாறு நிற்கவில்லை என்பதை மறத்தல் கூடாது.

இவற்றுள் இருவாய்ச்சியின் வாழ்க்கை காட்டுக்கும் பறவைக்கும் உள்ள உறவைத் தெளிவாகக் காட்டும். முட்டையிடும் காலம் வந்ததும் பேடை, முதிர்ந்த மரமொன்றின் பொந்துக்குள் புகுந்துகொள்ளும். வாயிலை அடைத்து, சொண்டு நுழையும் அளவுக்குச் சிறு இடுக்கு மட்டும் விடும். உள்ளே அது அடைகாக்கும். வெளியே சேவல் பழம் தேடிக் கொணர்ந்து அவ்விடுக்கின் வழியே ஊட்டும். சேவல் ஒரு நாள் துவக்குக்கு இரையாயின், பொந்துக்குள் இருக்கும் குடும்பம் முழுவதும் பட்டினிக்கு இரையாகும்.

இப்பொந்து இளமரத்தில் அமைவதில்லை. பாலையும் வீரையும் மெல்ல வளரும் மரங்கள். பொந்து விழுமளவுக்கு ஒரு மரம் முதிர்வதற்குப் பல மனித ஆயுட்காலங்கள் செல்லும். காட்டை வெட்டி மறுபடி பத்தாண்டு விட்டால் பச்சை மீளும். கண்ணுக்குக் காடு போலவே தோன்றும். பொந்து மீளாது. வீட்டு வளைக்கும் தளபாடத்துக்கும் உகந்ததென்று தேடித் தறிக்கப்படுவதும், உள்ளே கோறை விழுந்ததென்று விறகுக்குத் தள்ளப்படுவதும் இதே முதுமரங்களே.

வன்னி மக்கள் நன்கறிந்த பாலைப்பழத்தை எடுத்துக்கொள்ளலாம். பால் பிசுபிசுக்கும் அம்மஞ்சட் கனி பழுக்கும் காலத்தில், காட்டோரச் சிறுவர்க்கும் கரடிக்கும் இருவாய்ச்சிக்கும் ஒருசேரத் திருவிழா. இருவாய்ச்சி பழத்தை விழுங்கித் தொலைவில் விதையை உமிழ்கின்றது. குக்குறுவானும் கொண்டைக்குருவியும் ஆலையும் அத்தியையும் இவ்வாறே பரப்புகின்றன. காசு வாங்காத வனக்காவலர், கூலி கேளாத நாற்று நடுவோர் இவர்கள். குவாம் தீவு இழந்தது இவ்வேலையாட்களையே.

வன்னிக் காட்டின் அண்மைக்கால வரலாறு மனிதரின் துயரத்தோடு பிணைந்தது. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய பூநகரிக் கோட்டையைச் சூழ்ந்த நிலம், பல பத்தாண்டுகள் போர்க்களமாயிற்று. 1993ஆம் ஆண்டு நவம்பரிலும் 2008ஆம் ஆண்டு நவம்பரிலும் இங்கே கடுஞ்சமர்கள் நடந்தன. மக்கள் ஊர்விட்டு ஊர் அலைந்தனர். சில இடங்களில் காடு அரண்களுக்காக வெட்டப்பட்டது. வேறு சில இடங்களில் கைவிடப்பட்ட வயலிலும் மேட்டுக்காணியிலும் பற்றை மூடி இளங்காடு எழுந்தது. 2009இல் போர் முடிந்தபின் மக்கள் மீண்டனர். 2011ஆம் ஆண்டில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கும் பூநகரிக்கும் இடையே இருந்த தூரம் சுருங்கிற்று. பாதை வந்தது நன்மையே. பாதையோடு கல்லுக்கும் மணலுக்கும் மரத்துக்கும் ஆன தேவையும் வந்தது. கௌதாரிமுனையின் மணலை அள்ளுவதற்கு எதிராக அவ்வூர் மக்களே அண்மை ஆண்டுகளில் குரலெழுப்பியுள்ளனர்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் நீதியாகாது. மீண்டு வந்த குடும்பங்கள் பல, தாம் உழுத காணி இப்போது வனத்துக்குரியதென எல்லையிடப்பட்டிருக்கக் கண்டன. வட மாகாணமெங்கும் எழுந்த முறைப்பாடு இது. மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பேர்போன பூநகரியில், மழையை நம்பி வயல் செய்யும் கமக்காரனுக்கு அவன் பாட்டன் காணியை மறுத்துவிட்டு, காட்டுக்கோழியைக் காப்பாற்று என்று கேட்பது எங்ஙனம் பொருந்தும்? அவன் கண்ணில் பறவை, தன்னைத் துரத்திய அதிகாரத்தின் பறவையாகவே தோன்றும். எனவே எது பழைய வயல், எது பழைய காடு என்று ஊராரை உடன்வைத்து, பழைய உறுதிகளையும் முதியோரின் நினைவையும் கொண்டு பிரித்தறிதல் முதற்கடமை. போர்க்காலத்தில் முளைத்த பற்றையைக் கமக்காரனுக்கு மீட்டுக் கொடுக்கலாம். நூற்றாண்டு கண்ட பாலைமரம் நிற்கும் காட்டைக் கொடுத்தால் எவராலும் மீட்க இயலாது. இவ்வேறுபாடு தெளிவாகுமானால் பறவைக்கும் மனிதனுக்கும் இடையே உள்ளதாகத் தோன்றும் வழக்கின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

எஞ்சியவை சிறு செயல்களே. ஆற்றோரத்து மரவரிசையை அறாமல் விடுதல் அவற்றுள் முதன்மையானது. அடர்காட்டில் ஒதுங்கி வாழும் பறவைகளுள் பல, திறந்த வெளியைக் கடக்க அஞ்சுபவை. காட்டுத் துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் பாலம் அம்மரவரிசையே. குளக்கட்டில் நிற்கும் மருதும் ஆலும் இதே பணியைச் செய்யும். பொந்துள்ள முதுமரத்தை, பட்டமரமாயினும், நிற்க விடுதல் அடுத்தது. இடியன் துவக்கும் சுருக்குக் கண்ணியும் மூன்றாவது. காட்டுக்கோழியைக் கொல்லுதல் சட்டப்படி குற்றம். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் அதற்கு உண்டு. ஆயினும் விருந்தினர்க்குக் காட்டிறைச்சி படைப்பது பெருமை என்னும் எண்ணம் ஊரில் உள்ளவரை சட்டம் ஏட்டிலேயே உறங்கும். காட்டோரத்து வீடுகள் தம் கோழிகளைக் காட்டுக்குள் திரியவிடாதிருத்தலும் நன்று. வீட்டுக்கோழியோடு கலந்து, காட்டுக்கோழியின் தூய இரத்தம் கெடுவதற்கு இடமுண்டு.

இவையெல்லாம் பயன் தருமோ என்று ஐயுறுவோர்க்கும் மொரீசியசுத் தீவே விடை கூறும். டோடோவை இழந்த அதே தீவில், 1974ஆம் ஆண்டில், அத்தீவுக்குரிய வல்லூறு நான்கே நான்கு எஞ்சியிருந்தது. இனி ஆவதொன்றில்லை என்று பலர் கைவிட்டனர். அத்தசாப்த இறுதியில் அங்கு சென்ற கார்ல் ஜோன்ஸ் என்னும் வேல்ஸ் நாட்டு இளைஞர் கைவிடவில்லை. முதல் முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்தால் தாய்ப்பறவை மறுபடியும் முட்டையிடும் என்பதை அறிந்து அவ்வாறே செய்தார். குஞ்சுகளைக் கையால் வளர்த்தார். காட்டில் கூட்டுப்பெட்டிகளை வைத்தார். நான்கு பறவைகள் பின்னர் நூற்றுக்கணக்காயின. ஆபத்து முற்றும் நீங்கவில்லை. எனினும் இனம் பிழைத்தது. நான்கிலிருந்து மீட்பதற்கு வேண்டிய பணமும் பாடும் எவ்வளவு! காடு நிறையப் பறவை இருக்கும்போதே காப்பதற்கு வேண்டியதோ சிறிது விழிப்பு மட்டுமே. வன்னிக்கு அவ்வாய்ப்பு இன்னும் கையில் இருக்கின்றது.

அவ்விழிப்பு பாடசாலையில் தொடங்குதல் தகும். பூநகரியின் மாணவர் தம் ஊரில் எந்தப் பறவை எந்த மாதத்தில் வந்தது, எந்த மரத்தில் கூடு கட்டியது, எந்தப் பெயரால் பாட்டி அதனை அழைத்தாள் என்று ஒரு குறிப்பேட்டில் தமிழில் எழுதி வருவராயின், ஆண்டு சில செல்லுமுன் அது விலைமதிப்பற்ற ஆவணமாகும். கௌதாரிமுனையில் எத்தனை கௌதாரிகள் கூவுகின்றன என்று எண்ணுவதற்கு வெளிநாட்டு நிபுணர் வரவேண்டியதில்லை. விடியலில் எழும் பிள்ளைகளே போதும். எண்ணப்படாத ஒன்று குறைவதை எவரும் உணர்வதில்லை. எண்ணத் தொடங்கிய ஊர் மட்டுமே இழப்பதற்கு முன் விழித்துக்கொள்ளும்.